‘வரலாற்றில் இன்று’ எழுதுவோருக்கு: தேதிக் குழப்பங்கள், கேள்வி பதில்

கே (சேலம்): பிரெஞ்சுக்காரர் மெட்ராஸைப் பிடித்தது 1746 செப்டம்பர் 10 என்கிறது ஒரு புத்தகம், 21 என்கிறது இன்னொன்று. எதைப் போடுவது?

ப: இரண்டும் ஒரே புதன்கிழமைதான். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்கு அன்று 10, ஜூலியன் நாட்காட்டி, அதாவது பழைய கணக்கு. வெளியே நின்ற பிரெஞ்சுக்காரருக்கு 21, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி, அதாவது புதிய கணக்கு. பிரான்ஸ் 1582லேயே மாறிவிட்டது. பிரிட்டன் 1752 வரை பிடிவாதமாக இருந்தது.

இந்தச் சண்டை முழுக்க இப்படித்தான். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதறடித்த புயல் அக்டோபர் 2 என்றும் வரும், 13 என்றும் வரும். அடையாற்றுப் போர் அக்டோபர் 24 என்றும் நவம்பர் 4 என்றும் வரும். இரண்டு புயல், இரண்டு போர் என்று பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள். ‘21 (பழைய கணக்கில் 10)’ என்று போட்டால் சண்டையே வராது.

கே (கோவை): பழைய தேதியைப் புதியதாக்க எத்தனை நாள் கூட்ட வேண்டும் சார்?

ப: மூலத்தில் ஜூலியன் தேதி இருந்தால்: 1700 பிப்ரவரி வரை 10 நாள், 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பின் 13. ஆனால் எழுதியவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று பார்த்த பிறகுதான் கூட்ட வேண்டும். பிற்கால ஆசிரியர் பலர் தாங்களே மாற்றித்தான் தருகிறார்கள். அதன்மேல் இன்னொரு 11 கூட்டி, செப்டம்பர் 21ஐ அக்டோபர் 2 ஆக்கியவர்களும் உண்டு.

சோதிக்கக் கிழமை போதும். கிரெகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பும்: 1,46,097 நாள், மிச்சமில்லாமல் 20,871 வாரம். எனவே 1746 செப்டம்பர் 21க்கு 2146 செப்டம்பர் 21ஐப் பாருங்கள், புதன் வரும். மாற்றாமல் 10ஐயே தேடினால் சனி வரும். மூலத்தில் புதன் என்றிருந்தால் அது பழைய கணக்கு, கூட்டியாக வேண்டும் என்று அர்த்தம்.

கே (ஈரோடு): அக்டோபர் புரட்சி ஏன் நவம்பரில்?

ப: ரஷ்யாவுக்கு அன்று 1917 அக்டோபர் 25. 13 கூட்டினால் நவம்பர் 7.

கே (புதுச்சேரி): ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் தமிழ்த் தேதியும் இருக்கிறதே, அதை வைத்தே கணக்குப் போடலாமா?

ப: போடலாம், ஆனால் இன்றைய பஞ்சாங்கத்தை வைத்து அல்ல. இப்போது புரட்டாசி 1 செப்டம்பர் 17ஐ ஒட்டி வருகிறது. அந்தக் கணக்கில் 1746 செப்டம்பர் 21 புரட்டாசி 5 ஆகிவிடும், அது தவறு. நம் சூரிய ஆண்டு நட்சத்திரத்தை வைத்து ஓடுவது. கிரெகோரியன் ஆண்டைவிடச் சற்று நீளம், சுமார் 60 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். 1746இல் மாதப் பிறப்புகள் இப்போதைவிட நான்கைந்து நாள் முன்னதாக வந்தன. ஆகவே அன்று புரட்டாசி 9ஐ ஒட்டி இருக்கும். ஆண்டுப் பெயர் அட்சய. 60 ஆண்டுச் சுற்றில் பெயர் திரும்பத் திரும்ப வரும் என்பதால் பெயரை மட்டும் நம்பி ஆண்டைத் தீர்மானிக்கக் கூடாது. பிள்ளை இருந்தது பிரெஞ்சு ஊர், எனவே அவர் தரும் ஐரோப்பியத் தேதி புதிய கணக்கு. அதில் எதையும் கூட்டாதீர்கள்.

கே (திருச்சி): என் தாத்தா பிறந்த தேதி தெரியும், நட்சத்திரம் கணித்துத் தர முடியுமா?

ப: அதற்குப் பிறந்த நேரமும் ஊரும் வேண்டும். பஞ்சாங்கம் கணிப்பவரைப் பாருங்கள்.

கே (மயிலாப்பூர்): சென்னை தினம் ஆகஸ்ட் 22 என்பதே சந்தேகம்தானே? ஆங்கிலேயருக்கு மெட்ராஸ் நிலத்தை மானியமாகக் கொடுத்த ஆவணத்தில் ஜூலை 22 என்றல்லவா இருக்கிறது?

ப: இருக்கிறது. ஆனால் அந்த மானியத்தைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே மெட்ராசுக்கு வந்ததே 1639 ஜூலை 27. வராத ஆளுக்கு ஐந்து நாள் முன்பே மானியம் எழுத முடியாது. மாதத்தைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்று மெட்ராஸ் வரலாற்றை எழுதிய லவ் சொன்னது அதனால்தான்.

கே (அதே நபர்): அப்படியானால் 10 நாள் கூட்டி செப்டம்பர் 1இல் அல்லவா கொண்டாட வேண்டும்?

குறுக்கிட்ட இன்னொருவர் (பெரம்பூர்): அதெல்லாம் வீண் வம்பு. ஆவணத்தில் உள்ள தேதிதான் தேதி.

ப: கணக்கில் மயிலாப்பூர்க்காரர் சரி. அது செப்டம்பர் 1, வியாழன். 2039 நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கத்தில் பெரம்பூர்க்காரர் சரி. ஆண்டு விழாவுக்கு இரண்டு மரபும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் பிப்ரவரி 11, பிறந்தநாளாகக் கொள்வது 22. இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த கை ஃபாக்ஸ் வெடிமருந்துச் சதி பழைய கணக்கில் 1605 நவம்பர் 5, இன்றும் நவம்பர் 5இலேயே வாணம் விடுகிறார்கள். விழாவை ஆகஸ்ட் 22இலேயே வையுங்கள். கிரகணம், அமாவாசை, பருவமழையோடு பொருத்திப் பார்க்கும்போது மட்டும் செப்டம்பர் 1 என்று எடுங்கள்.

கே (மயிலாப்பூர், மறுபடியும்): அப்போ 2039இல் நானூறாவது ஆண்டை…

ப: மாநகராட்சியைக் கேளுங்கள்.

கே (வேலூர்): மானியம் 1639 ஆகஸ்ட். கோட்டை கட்ட டே வந்தது 1639 பிப்ரவரி 20 என்று ஒரு குறிப்பு. எப்படி?

ப: நல்ல கேள்வி. இங்கிலாந்தில் அன்று புத்தாண்டு மார்ச் 25. நமக்கு 1640 பிப்ரவரி, அவர்களுக்கு இன்னும் 1639. 1752க்கு முந்தைய ஆங்கில ஆவணத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எந்தத் தேதி வந்தாலும் ஆண்டைச் சந்தேகியுங்கள். ‘1639/40’ என்றிருந்தால் நமக்கு 1640. இந்த மாற்றத்தால் அவர்களின் 1751க்கு 282 நாள்தான்.

கே (தூத்துக்குடி): நிலவில் கால் வைத்தது ஜூலை 20ஆ, 21ஆ?

ப: அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. இந்திய நேரத்தில் 21 காலை 8:26. சம்பவ இடத்து நேரத்தைப் போடுவதுதான் வழக்கம். நிலவுக்கு அது இல்லாததால் எந்த ஊர் நேரம் என்று எழுதிவிடுங்கள். சுனாமியும் அப்படித்தான். நிலம் அதிர்ந்தபோது நமக்கு 2004 டிசம்பர் 26 காலை 6:28, நியூயார்க்கில் இன்னும் கிறிஸ்துமஸ் மாலை.

கே (நாமக்கல்): கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தாராமே?

ப: இரண்டு கணக்கைக் கலந்தால்தான் அப்படி வரும். கலிலியோ 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய கணக்கு. நியூட்டன் 1642 டிசம்பர் 25, பழைய கணக்கு. அதை மாற்றினால் 1643 ஜனவரி 4.

கே (கரூர்): அக்டோபர் புரட்சி நவம்பரில் வருகிறதே?

ப: ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கே (கடலூர்): 1752 செப்டம்பர் 7 என்று தேதியிட்ட கம்பெனிக் கடிதம் ஒன்றை மேற்கோளாகக் கண்டேன். சேர்க்கலாமா?

ப: வேண்டாம். அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாளே 14 என்று பிரிட்டன் சட்டம் போட்டது, ஆசியாவில் இருந்த ஆட்சிப்பகுதிகளுக்கும் சேர்த்து. ஆங்கிலேயருக்குச் செப்டம்பர் 7 என்ற நாளே சட்டப்படி இல்லை. புதுச்சேரியில் இருந்தது. எனவே அது பிரெஞ்சுக் கடிதமாக இருக்கலாம், யாரோ மாற்றி எழுதியதாக இருக்கலாம், அல்லது பிழை. மூலப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள், கிழமை எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.