தரைச் சூட்டுக்கு மூன்று கொட்டேஷன், குறைந்ததை எடுக்கலாமா?

ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டுத் தரைக்கு ஹீட்டிங் போட (டைல்ஸுக்கு அடியில் மின்சாரக் கேபிள் விரித்துத் தரையைச் சூடாக்க) மூன்று கொட்டேஷன் வாங்கியதாகவும், விலைகள் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய வீட்டில் டைல்ஸ் மாற்றும் சாக்கில்தான் இந்த யோசனை வந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான்.

விலை அப்புறம். மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா? எனக்கு வந்தவற்றில் ஒருவர் அறையின் முழுப் பரப்புக்கும் கணக்குப் போட்டிருந்தார். இன்னொருவர் அலமாரிகள் நிற்கும் இடத்தைக் கழித்திருந்தார். அதுதான் சரி, அலமாரிக்கு அடியில் கேபிள் ஓடினால் சூடு வெளியேறாமல் கெட்டுப்போகும். மிகக் குறைந்த விலைக்காரர் இன்சுலேஷன் போர்டே சேர்க்கவில்லை. கீழே அது இல்லாவிட்டால் நம் காசில் கான்கிரீட்தான் குளிர்காயும். தென்னாப்பிரிக்கக் கட்டடங்களுக்கான மின்சிக்கன விதியான சான்ஸ் 10400-எக்ஸ்ஏவும் அதைக் கேட்கிறது. மின்வேலை விதிப்படி இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியன் தரும் சிஓசி சான்றிதழுக்கும் அந்தக் குறைந்த விலைக்காரரிடம் தனிக் காசு.

நான் குறைந்ததை எடுக்கவில்லை. கேபிளின் ஓம் அளவை (மின்தடை; கேபிள் அறுந்தால் இது மாறிவிடும்) விரிக்கும் முன், விரித்த பின், டைல்ஸ் ஒட்டிய பின் என மூன்று முறை எழுதித் தருவதாகச் சொன்னவரை எடுத்தேன். கடைசி அளவில் கேபிள் அறுந்திருந்தது தெரிந்தது. விரித்த பின் எடுத்த அளவு சரியாக இருந்ததால் டைல்ஸ்காரர் மறுபேச்சு பேசவில்லை. ஒரே ஒரு டைலைப் பெயர்த்து ஜாயின்ட் போட்டார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் கேபிள் போட்டவரும் டைல்ஸ்காரரும் மாறி மாறிக் கைகாட்டியிருப்பார்கள், நான் நடுவில் நின்றிருப்பேன்.

கேபிளுக்குப் பதில் தரைக்கு அடியில் வெந்நீர் ஓடும் தண்ணீர்க் குழாய் முறைக்கான கொட்டேஷன் இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். அது வேறு செலவு, வேறு வேலை.

நான் எலெக்ட்ரீஷியன் இல்லை. "ஒரு கேஸ் ஹீட்டர் போதுமே" என்று சொல்ல வருபவர்கள் இங்கே குளிர்காலமான ஜூலையில் காலை ஐந்து மணிக்கு வெறுங்காலோடு சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். மதுரைச் சொந்தக்காரர்களுக்கோ இன்னும் சிரிப்பு அடங்கவில்லை, "ஆப்பிரிக்காவில் தரைக்குச் சூடா?" என்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. கொடைக்கானலுக்குப் போனால் மட்டும் ஸ்வெட்டர் வேண்டும்!

லோட்ஷெட்டிங்கின்போது (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டின்போது) இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் கணக்குக் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 150 வாட் என்றால் 20 சதுர மீட்டருக்கு 3 கிலோவாட். 5 கிலோவாட்-மணி பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.