காது கழன்ற கோப்பை

அன்புள்ள ஐயா,

இரண்டு மாதமாக வார இறுதிகளில், சக்கரம் இல்லாமல் கையாலேயே மண்பாண்டம் செய்யப் பழகி வருகிறேன். இதுவரை செய்த ஏழில் உருப்படியாக வந்தவை இரண்டே. கோப்பையின் காது காயும்போதே கழன்றுவிட்டது. ஆசையாகச் செய்த யானை சூளையில் வெடித்து, பக்கத்திலிருந்த மற்றவர்களின் கலங்களையும் உடைத்தது. உள்ளே காற்றுக்குமிழி இருந்திருக்கும் என்கிறார்கள். சக்கரத்துக்கு மாறினால்தான் தொழில் பிடிபடும் என்பது நண்பர்களின் கருத்து. மாறலாமா?

வ.

அன்புள்ள வ. அவர்களுக்கு,

சக்கரத்தில் வனைய விருப்பமிருந்தால் தாராளமாகப் பழகுங்கள். ஆனால் காது கழன்றதற்கும் யானை வெடித்ததற்கும் அது மருந்தாகாது. இரண்டும் உங்கள் கை செய்த பிழைகள் அல்ல, ஈரத்தைக் கணிப்பதில் நேர்ந்தவை.

ஈரமண் காயக் காயச் சுருங்கும். பல வகை மண்ணில் இது நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை இருக்கும். முந்தைய வாரம் செய்த கோப்பையில், அன்றைக்கு உருட்டிய காதை ஒட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன் (நான் இதையே மூன்று முறை செய்திருக்கிறேன்). கோப்பை சுருங்கி முடித்துவிட்டது, காது இனிமேல்தான் சுருங்க வேண்டும். அந்த இழுப்பில் ஒட்டிய இடம் விட்டுவிடுகிறது. நகம் பட்டால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது: கோப்பையும் காதும் அந்தப் பதத்தில் இருக்கும்போது, ஒட்டும் பரப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, லேசாக அசைத்தபடி அழுத்தி ஒட்டுங்கள். பிறகு பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காயவிடுங்கள். விளிம்பில் கீறல் தெரிந்ததும் தண்ணீர் தொட்டுத் தடவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்; மேல்மண் குழைந்து கீறலை மறைக்குமே தவிர, காய்ந்ததும் அது அதே இடத்தில் எட்டிப் பார்க்கும்.

யானை விஷயத்தில் பாவம், காற்றுக்குமிழியின் மீது பழி விழுந்திருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி நீர்தான். தடித்த உடலின் நடுவே தங்கிய ஈரம் 100 பாகை செல்சியஸில் ஆவியாகி 1,600 மடங்குக்கும் மேல் விரியும்போது, வெளியேற வழியில்லாவிட்டால் மண்ணைப் பிளந்துகொண்டுதான் போகும். சூளைக்கு அனுப்புமுன் பொருளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

கைவேலை என்பது சக்கரத்துக்கு முந்திய பால பாடம் என்று உங்கள் நண்பர்கள் நினைப்பதாகத் தெரிகிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் கோயில்களில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் சுடுமண் குதிரைகளை அவர்கள் பார்க்க வேண்டும். அவற்றை வேளார்கள் எனப்படும் குயவர்கள் கையால்தான் எழுப்புகிறார்கள்: கால்களும் உடலும் உள்ளே வெற்றிடமாக இருக்கும், கீழ்ப்பகுதி சற்று இறுகிய பின்னரே அடுத்த சுற்று மண் ஏறும். மண்ணோடு மணலும் உமியும் கலப்பதுண்டு. மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது, உமியோ எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்கிறது. உங்கள் யானைக்கு இல்லாமற்போன வழி அதுதான்.

அடுத்த யானையின் உள்ளே குடைந்து, விரல் கனத்துக்கு மேல் மண் எங்கும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, வயிற்றின் அடியில் ஒரு துளை போடுங்கள். பக்கத்துக் கலங்களை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லையே.