கதையைச் சொல்லவைக்காமல் ஒரு குழு

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், மனைவிமார் பதினைந்து பேருக்கு அடுத்த மாதத்திலிருந்து குழுக்கூட்டம் நடத்தும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவரையும் தங்கள் கதையைச் சொல்ல வையுங்கள், அழுது தீர்த்தால்தான் பாரம் குறையும் என்று வளவாளர் சொன்னார். எனக்கு அது பயமாக இருக்கிறது. யாராவது தாங்க முடியாமல் போனால் என்ன செய்வது? "சாத்திரி பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்கிறார், நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரு அம்மா கேட்டால் என்ன சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. என் அண்ணாவும் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அதைக் குழுவில் சொல்லலாமா? நான் இந்த வேலைக்குப் பொருத்தமானவள்தானா?

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் கூட்டத்தில் யாரையும் கதை சொல்ல வைக்காதீர்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வேண்டாம். சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறவர் தானாகச் சொல்வார். தோன்றாதவர் கடைசிவரை சொல்லாமலே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். அவரும் குழுவில் ஒருவர்தான்.

உங்கள் வளவாளர் சொன்னது புதிய யோசனை இல்லை. 1983இல் ஜெஃப்ரி மிச்செல் என்ற அமெரிக்கர், தீயணைப்புப் படையினருக்கும் அம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் என்று ஒரு முறையை எழுதினார். கோரமான சம்பவம் ஒன்று நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் வட்டமாக இருத்தி, பார்த்ததையும் உணர்ந்ததையும் வரிசையாகச் சொல்ல வைப்பது. அப்புறம் அது பேரழிவு நடந்த இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வு ஒன்று 2002இல் வந்தது. அது, ஒற்றை அமர்வில் நடந்ததைச் சொல்ல வைப்பது நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனாலும் பயிற்சிப் பட்டறைகளில் அந்தப் பழைய பாடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் தாய்மாரின் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் சொல்லாமல் அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பதே தவறு. பொலிஸில் சொன்னார்கள், செஞ்சிலுவைச் சங்கத்தில் சொன்னார்கள், மனித உரிமை ஆணைக்குழுவில் சொன்னார்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு தடவையும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார்கள். சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. 2017 பெப்ரவரியில் உங்கள் ஊர் கந்தசாமி கோயிலடியில் போராட்டத்தில் போய் இருந்தவர்கள் அப்படிச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள்தான். "உங்கள் கதையைச் சொல்லுங்கோ அம்மா" என்று நீங்கள் கேட்டால், அவர் திகதி, இடம், பிள்ளை போட்டிருந்த சட்டையின் நிறம் என்று பழகிய ஒழுங்கில் ஒப்புவிப்பார். நீங்கள் இன்னொரு ஆணைக்குழு ஆகிவிடுவீர்கள்.

அப்படியென்றால் கூட்டத்தில் என்ன செய்வது? அவர்களிடமிருந்து பறிபோனவற்றில் ஒன்று, தங்கள் விஷயத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை. அதைச் சின்னச் சின்னதாகத் திருப்பிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை என்று நான் நம்புகிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு, பொதுநோக்கு மண்டபமா முன்பள்ளியா, கதவு திறந்திருக்கட்டுமா சாத்தட்டுமா என்பதையெல்லாம் அவர்களையே கேளுங்கள். இன்று என்ன செய்யப் போகிறோம், எத்தனை மணிக்கு முடியும் என்று தொடக்கத்திலேயே சொல்லி, சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். பேச்சு முறை வரும்போது "எனக்கு வேண்டாம்" என்று விலகலாம் என்பதை நீங்களே ஒரு தடவை விலகிக் காட்டினால், அது வெறும் வாய்ச்சொல்லாக இருக்காது.

பாதுகாப்பு என்பதை வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடுகள் மனம் சார்ந்த ஒன்றாகவே எழுதுகின்றன. கிளிநொச்சியில் அது அப்படி இல்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால், யார் வந்தது, என்ன கதைத்தது என்று புலனாய்வுக்காரர் விசாரிக்கும் ஊர் அது. ஆகவே வரவுப் பதிவேட்டில் முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எதற்கு, அந்தத் தாள் யாரிடம் போகிறது என்பதை முதலில் உங்கள் அலுவலகத்தில் கேட்டுத் தெளியுங்கள். தெரிந்ததை ஒளிக்காமல் குழுவிடம் சொல்லுங்கள். "இங்கே கதைப்பது வெளியே போகாது" என்று முழு உத்தரவாதம் கொடுக்காதீர்கள். பதினைந்து வாய்க்கு நீங்கள் பொறுப்பு நிற்க முடியாது. "நான் வெளியே சொல்ல மாட்டேன். மற்றவர்களும் சொல்லாமல் இருப்போம் என்று உடன்படுவோமா? வெளியே போனால் ஆபத்து வரும் என்று நினைப்பதை இங்கே சொல்லாமல் விடுங்கோ" என்பது நேர்மையான பேச்சு. அழுகிற முகத்தைப் படம் எடுத்து அறிக்கையில் போடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நன்கொடையாளர் கேட்டாலும் வேண்டாம்.

பேசுவதற்கு வேறு விஷயம் இருக்கிறதா என்று தயங்க வேண்டாம், நிறையவே இருக்கிறது. நுண்கடன் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கிறவரை எப்படிச் சமாளிப்பது என்பதில் தொடங்கும் ஒரு குழு, ஆடி அமாவாசை நெருங்கும்போது தானாக ஆழத்துக்குப் போகும். கீரிமலைக்குப் போய் மகன் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்வதா வேண்டாமா? பொட்டு வைப்பதா விடுவதா? இவற்றுக்கு ஐயரிடமும் பதில் இல்லை, உங்களிடமும் இல்லை. அதே கேள்வியோடு பதினைந்து ஆண்டு வாழ்ந்த இன்னொரு பெண் பக்கத்தில் இருப்பதுதான் குழுவின் பலம்.

இதில் ஒரு இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 2016இல் வந்த சட்டத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் எடுக்கலாம். பிள்ளைகளின் காரியத்துக்காக மருமகள் அதை எடுக்க நினைப்பார். மாமிக்கு அது மகனைக் கைவிட்டதாகத் தோன்றும். இரண்டு பேரும் ஒரே குழுவில் இருந்தால் ஒருவர் பேச மற்றவர் நொறுங்குவார். பட்டியல் போடும்போதே ஒரே வீட்டுக்காரர் யார் யார் என்று பாருங்கள். அவர்களைத் தனித்தனியே சந்தித்து, ஒன்றாக இருக்க விருப்பமா என்று கேளுங்கள். பதினைந்து பேரை இரண்டு குழுவாகப் பிரித்தாலும் நல்லதுதான்.

சாத்திரி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தவர். இப்படிப்பட்ட இழப்புக்கு முடிவு கட்டச் சொல்லி நெருக்குவது குடும்பங்களுக்கு உதவாது என்பது அவருடைய நிலைப்பாடு. இருக்கிறான் என்பதையும் இல்லாமல் போயிருக்கலாம் என்பதையும் ஒரே மனம் ஒன்றாகச் சுமக்கலாம். அதனால் "ஓம் அம்மா, வருவார்" என்றும் சொல்லாதீர்கள், "இனி ஏற்றுக்கொள்ளுங்கோ" என்றும் சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியாது அம்மா. சாத்திரி அப்படிச் சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அது தப்பித்துக்கொள்ளும் பதில் இல்லை. உங்களுக்கு உண்மையாகவே தெரியாதுதானே.

ஒருவர் நடுங்கத் தொடங்கினால், அல்லது பார்வை எங்கோ நிலைத்துப் போனால், கதையைத் தொடரச் சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பாதம் தரையில் படுகிறதா என்று கேளுங்கள். தண்ணீர் கொடுங்கள், சுவரில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். இருக்கிறாரா, வெளியே போக விருப்பமா என்பதை அவரே சொல்லட்டும். கேட்காமல் கட்டிப்பிடிக்க வேண்டாம். கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்ய வைப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. கண்ணை மூடியதும் சிலருக்கு 2009 வந்துவிடும். விரும்பினால் மூடலாம், இல்லாவிட்டால் நிலத்தைப் பார்த்தபடி செய்யலாம் என்று சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஓம் என்ற உச்சாடனத்தையும் செபமாலையையும் தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்தினார்கள். உங்கள் குழுவில் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அதிலிருந்தே தொடங்கலாம்.

அண்ணாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியை நீங்களே கேட்டது எனக்கு நம்பிக்கை தருகிறது. சிறிய ஊர், எப்படியும் தெரிந்துவிடும். முதல் கூட்டத்தில் ஒரே வசனத்தில் சொல்லிவிடுங்கள்: "எனக்கும் அண்ணா இல்லை, நானும் தேடுகிறவள்தான்." அதற்கு மேல் அங்கே வேண்டாம். உங்கள் கதையைக் கேட்டு அந்த அம்மாமார் உங்களைத் தேற்றத் தொடங்கினால், அவர்களுக்கென்று இருந்த இடம் போய்விடும். ஆனால் அந்தக் கதையைக் கொண்டுபோக உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். மாதம் ஒரு தடவையாவது அனுபவமுள்ள உளவளத்துணையாளர் ஒருவரிடம் இந்தக் கூட்டங்களைப் பற்றிக் கதைக்க ஒழுங்கு செய்து தரும்படி அலுவலகத்திடம் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் நீண்ட காலமாக உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவிக்கிறது, அங்கே விசாரித்துப் பார்க்கலாம். இரண்டு நாள் பட்டறையில் இந்த வேலை வராது. பழகிய ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்து, பிறகு கதைத்துத்தான் வரும்.

பொருத்தமானவளா என்ற கேள்விக்கு என் பதில்: தனியாக என்றால் இல்லை, இன்னொருவரோடு என்றால் ஓம். ஒருவர் எழுந்து வெளியே போகும்போது அவரோடு போக ஒரு ஆள் வேண்டும், உள்ளே இருக்கிறவர்களோடு இருக்க ஒரு ஆள் வேண்டும். இரண்டாவது ஆளுக்குக் காசு இல்லை என்று இணைப்பாளர் சொன்னால், ஆள் கிடைக்கும்வரை தொடங்கும் திகதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வேண்டுமானால் அந்தக் கடிதத்தை எழுத நான் உதவுகிறேன்.

அன்புடன்,
அக்கா