வயர்லெஸ் மவுஸ் வாங்கினதுல இருந்து லேப்டாப் டச்பேட் சில நாள் வேலை செய்யுது, சில நாள் செய்யல, டைப் பண்ணா கர்சர் குதிக்குது. கடையில டச்பேட் மாத்தணும்ங்கிறாங்க, மாத்தலாமா?

இப்போதைக்கு மாத்தாதீங்க. நான் ஒரு தடவை மாத்தி ரெண்டாயிரத்து சொச்சம் விட்டவன், அந்த வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

நான் டிடிபி வேலை பாக்குறேன், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் இதெல்லாம்தான். கடையில ஒரு வயர்லெஸ் மவுஸ், அது மேஜையிலயே கெடக்கும், ராத்திரி லேப்டாப்ப மட்டும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவேன். வீட்ல போய்த் தொறந்தா டச்பேட் அசையாது. காலைல கடைக்கு வந்தா மவுஸ் நல்லா ஓடும், டச்பேடப் பத்தி யோசிக்கவே தோணாது. ஒரு மாசம் இப்படி ஓட்டிட்டு ஒருநாள் சர்வீஸ் கடையில குடுத்தேன், அவரு மாத்திட்டு வேலை செய்யுதுன்னு காட்டினாரு, நானும் தடவிப் பாத்துட்டு காசு குடுத்துட்டு வந்தேன். மறுநாள் ராத்திரி வீட்ல பழையபடி செத்துக் கெடக்குது. அப்போ எம்பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட் பிரிண்டுக்கு பென்டிரைவ் சொருக எடம் இல்லன்னு சைடுல சொருகியிருந்த மவுஸோட குட்டி டாங்கிள, அதாவது ரிசீவர, புடுங்கிப் போட்டா, அந்த நிமிஷமே டச்பேட் உயிரோட வந்துருச்சு. சர்வீஸ் கடைக்காரரும் டெஸ்ட் பண்றப்போ அந்த டாங்கிள கழட்டி தனியா கவர்ல போட்டுத்தான் வச்சிருந்தாரு, அதான் அங்க வேலை செஞ்சிருக்கு.

விஷயம் என்னன்னா, மவுஸ் உங்க கையில இருக்கா, கடை மேஜையில இருக்கா, அதுல பேட்டரி இருக்கான்னு எல்லாம் விண்டோஸுக்குத் தெரியாது. யுஎஸ்பில சொருகின ரிசீவர் "நான்தான் மவுஸ்"னு சொல்லிக்கிட்டே இருக்கும், அதை நம்பிக்கிட்டு விண்டோஸ் டச்பேட ஆஃப் பண்ணிரும். மவுஸ ஆஃப் பண்ணி வச்சாலும் இதே கதைதான். புளூடூத் மவுஸ்னா அப்படி இல்ல, அதை ஆஃப் பண்ணா கனெக்‌ஷன் அறுந்துரும், டச்பேட் திரும்பி வந்துரும். அதனால "சில நாள் வேலை செய்யுது சில நாள் செய்யல"ன்னு நீங்க எழுதினதப் பாத்ததும் எனக்கு மொதல்ல தோணினது டாங்கிள்தான். வேலை செய்யாத நாள் அது சொருகி இருந்துச்சான்னு பாருங்க.

இப்படி ஆஃப் ஆகுறதுக்கு ஒரு டிக் இருக்கு. விண்டோஸ் 11னா செட்டிங்ஸ்ல புளூடூத் அண்ட் டிவைசஸ் போயி டச்பேட் தொறந்து, மேல டச்பேட் ஆன் ஆஃப் பட்டன் பக்கத்துல இருக்கிற சின்ன அம்புக்குறிய அமுக்குங்க, அது விரியும், உள்ள "லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்"னு இருக்கும். அந்த டிக் எடுத்திருந்தா மவுஸ் மாட்டினதும் டச்பேட் போயிரும், டிக் போட்டா ரெண்டும் வேலை செய்யும். விண்டோஸ் 10ல டிவைசஸ்ல டச்பேட் தொறந்தா அதே வரி இருக்கும். கர்சரே அசையாம எப்படிப் போறதுன்னா, விண்டோஸ் பட்டனோட ஐ அமுக்கினா செட்டிங்ஸ் வரும், சர்ச்ல டச்பேட்னு டைப் பண்ணி என்டர், அப்புறம் கீபோர்டுல டேப் பட்டன அமுக்கி அமுக்கி நகந்து ஸ்பேஸ் பார் தட்டினா டிக் மாறும். பொறுமை வேணும், ஆனா முடியும்.

ரிசீவர் மட்டும்தான்னு இல்ல. கீபோர்டு மவுஸ் சேர்ந்து வர்ற செட்டுல நீங்க கீபோர்டு மட்டும் யூஸ் பண்ணாலும் ரிசீவர் ரெண்டு பேரையும் சொல்லிக்கும். படம் வரையிற பென் டேப்லட்டும் பல நேரம் மவுஸ் மாதிரிதான் உள்ள வந்து உக்காரும். சந்தேகம்னா எல்லாத்தையும் புடுங்கிட்டு, மாட்டியிருக்கிறதையெல்லாம் லிஸ்ட் போட்டுக் காட்டுற விண்டோஸோட டிவைஸ் மேனேஜர்ல "மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்" தொறந்து வச்சிக்கிட்டு, ஒண்ணொண்ணா சொருகிப் பாருங்க, எதைச் சொருகினா புதுசா ஒரு வரி முளைக்குதுன்னு கண்ணாலயே தெரியும்.

அந்த டிக்கே உங்க லேப்டாப்ல காணோம்னா கொஞ்சம் பழைய மெஷினா இருக்கலாம். பழசுல சைனாப்டிக்ஸ், எலான், ஆல்ப்ஸ்னு டச்பேட் கம்பெனியோட டிரைவர், அதாவது அதை ஓட்டுற சாஃப்ட்வேர்தான் இதையெல்லாம் பாத்துக்கும், கன்ட்ரோல் பேனல்ல மவுஸ் தொறந்தா கடைசி டேப்ல அவங்க பேரு இருக்கும், எக்ஸ்டர்னல் மவுஸ் மாட்டினா உள்ள இருக்கிறத ஆஃப் பண்ணவான்னு அங்கதான் ஒரு டிக் இருக்கும். அந்த டேபும் இல்ல, டிவைஸ் மேனேஜர்ல டச்பேட் பேரே இல்லாம "பிஎஸ் 2 காம்பேட்டிபிள் மவுஸ்"னு மட்டும் இருந்தா டிரைவர் போயிருச்சுன்னு அர்த்தம். கர்சர் நகரும், ஆனா ரெண்டு விரல் ஸ்க்ரோல் இருக்காது, விண்டோஸுக்கு அது டச்பேடாவே தெரியாது. இதுக்கு லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பர் போட்டு எடுக்கிற டிரைவர்தான் சரி. "ஆல் டிரைவர் ஒரே கிளிக்ல"ன்னு வீடியோல காட்டுற சாஃப்ட்வேர் பக்கம் போகாதீங்க, அது வந்தப்புறம் போறது டச்பேட் மட்டும் இருக்காது.

புது மெஷின்ல டச்பேட் பெரும்பாலும் ஐ2சிங்கிற உள் இணைப்பு வழியா வரும். டிவைஸ் மேனேஜர்ல "ஐ2சி எச்ஐடி டிவைஸ்" மேல மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தா வலது கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அப்போ மட்டும் யுஎஸ்பி மவுஸ் ஒண்ணு மாட்டி வச்சிக்கோங்க, இல்லன்னா பாதில கை கட்டின மாதிரி நிப்பீங்க. ரீஸ்டார்ட்னா ரீஸ்டார்ட்தான், ஷட்டவுன் பண்ணி ஆன் பண்றது இல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ் பாதி நினைவோட தூங்கி எந்திரிக்கும், பழைய கோளாறும் கூடவே எந்திரிக்கும்.

இனி கர்சர் குதிக்கிறது. இது வேற நோய், ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. டைப் பண்ணும்போது உள்ளங்கை டச்பேட்ல பட்டா அது கிளிக்னு எடுத்துக்கும், கர்சர் வேற வரிக்குப் போயிரும், நாம ஸ்கிரீனப் பாக்காம அடிச்சிக்கிட்டே இருப்போம். ஒரு பத்திரிகையில தாய்மாமன் பேரு போயி மாப்பிள்ளையோட படிப்புக்கு நடுவுல உக்காந்துருச்சு, ப்ரூஃப்ல அந்தத் தாய்மாமனே பாத்துட்டாரு, நல்லவேளை அச்சுக்குப் போகல. எனக்கு வேலை செஞ்சது ரெண்டு விஷயம். அதே டச்பேட் செட்டிங்ஸ்ல சென்சிட்டிவிட்டிய லோ ஆக்கினேன், "டேப் வித் எ சிங்கிள் ஃபிங்கர்" டிக்க எடுத்துட்டேன், இப்போ தட்டினா கிளிக் ஆகாது, அமுக்கணும். ரெண்டு நாள் கை பழகாது, அப்புறம் பழகிரும். உங்கள மாதிரி எப்பவும் மவுஸ்தான்னா, மேல சொன்ன டிக்க எடுத்துட்டு மவுஸ் இருக்கும்போது டச்பேட் ஆஃப் ஆகட்டும்னு விடுறதுதான் சுத்தமான வழி, வீட்டுக்குப் போகும்போது டாங்கிள கழட்டினாப் போதும். அதை மவுஸுக்கு அடியில பேட்டரி மூடியத் தொறந்தா வைக்க பல மவுஸ்ல எடம் இருக்கு, நான் அதுலதான் வைக்கிறேன்.

கையே படாம கர்சர் நடுங்குதா? சார்ஜர கழட்டிப் பாருங்க. கழட்டினதும் நின்னுட்டா எர்த் இல்லாத பிளக் பாயின்டா இருக்கலாம், நம்ம ஊர்ல பல எடத்துல மூணு ஓட்டை இருக்கும், மூணாவதுல வயர் இருக்காது. டச்பேட் உங்க விரலோட மின்தன்மைய வச்சுத்தான் வேலை செய்யுது, சார்ஜர்ல இருந்து கசியிற கரன்ட் அதைக் குழப்பிரும். மவுஸ் பக்கம்தான் கர்சர் விட்டு விட்டு ஓடுதுன்னா டாங்கிள் எங்க சொருகியிருக்குன்னு பாருங்க. யுஎஸ்பி 3 போர்ட்டும் அதுல ஓடுற ஹார்ட் டிஸ்கும் டாங்கிள் பேசுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் இரைச்சல் கெளப்பும், இன்டெல்லே 2012ல இதை எழுதி வெளியிட்டிருக்கு. டாங்கிள யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாத்துங்க, இல்ல ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர்ல தள்ளி வைங்க.

லினக்ஸ், மேக் ஆளுங்க யாராச்சும் படிச்சா: மேக்ல ஆக்ஸசிபிலிட்டில பாயின்டர் கன்ட்ரோலுக்குள்ள "இக்னோர் பில்ட் இன் ட்ராக்பேட்"னு ஆரம்பிக்கிற வரி, அது ஆன்ல இருந்தா உங்களுக்கும் இதே கதை. லினக்ஸ்ல மவுஸ், டச்பேட பாத்துக்கிற லிப்இன்புட்டுக்கும் "டிசேபிள்ட் ஆன் எக்ஸ்டர்னல் மவுஸ்"னு ஒரு செட்டிங் இருக்கு.

கண்டிப்பா கடைக்குப் போக வேண்டிய கேஸ் ஒண்ணு இருக்கு. லேப்டாப்ப மூடி சமமான மேஜையில வச்சு ஆடுதான்னு பாருங்க, அப்புறம் தொறந்து டச்பேட குனிஞ்சு பாருங்க. டச்பேட் லேசா மேல எழும்பியிருந்தாலோ, அமுக்க இறுகிப் போயிருந்தாலோ, அடிப்பக்கம் ஆடினாலோ, உள்ள பேட்டரி உப்பியிருக்கலாம், பல மாடல்ல பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழதான் இருக்கு, அது தள்ளுறதுலதான் தானா கிளிக் ஆகும். அப்படி இருந்தா அமுக்கி சரி பண்ணப் பாக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க, ஆஃப் பண்ணி எடுத்துட்டுப் போயி பேட்டரிய மாத்தச் சொல்லுங்க. டச்பேட மாத்தணும்னு அவங்க சொன்னா, டாங்கிள் சொருகி ஒரு தடவை, கழட்டி ஒரு தடவை உங்க முன்னாடியே காட்டச் சொல்லுங்க.