பெட்டியில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை நம்பி ரேடியோ வாங்கலாமா?

கேள்வி: ஐயா, ஸ்டேங்கரில் எங்கள் ஹார்டுவேர் கடைக்கு ஃபைபர் இணையம் வந்துவிட்டது. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் 14 கிலோமீட்டர் தள்ளி எங்கள் குடும்பத்துக் கரும்புப் பண்ணை இருக்கிறது. மைத்துனர்தான் பார்த்துக்கொள்கிறார். அங்கே கைப்பேசி சிக்னல் வந்தால் வந்தது, போனால் போனது. கடையிலிருந்து பண்ணைக்கு ரேடியோ மூலம் இணையத்தைக் கொண்டுபோக ஆசைப்படுகிறோம். டர்பனில் ஒரு விற்பனையாளர் 30 கிலோமீட்டர், 867 மெகாபிட் என்று அச்சடித்த ஒரு ஜோடியைக் காட்டினார். வாங்கலாமா? பக்கத்துப் பண்ணைக்காரர்களும் பணம் தருகிறோம், எங்களுக்கும் கொடுங்கள் என்கிறார்கள்.
(வாசகர், குவாடுகுசா, அதாவது பழைய ஸ்டேங்கர், தென்னாப்பிரிக்கா)

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த ரேடியோ மோசமானது என்று நான் சொல்லவில்லை. கடை மாடியில் நின்றால் பண்ணை தெரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் எந்த ரேடியோவைப் பற்றியும் பேசிப் பயனில்லை.

பெட்டியில் உள்ள 30 கிலோமீட்டர், இடையில் ஒன்றுமே குறுக்கிடாத இடத்துக்கான கணக்கு. உங்கள் வழியில் மேடும் பள்ளமுமாகக் கரும்புக் காடு, நடுநடுவே தைலமரத் தோப்புகள். முதலில் கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து, கடைக்கும் பண்ணைக்கும் இடையே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் உயர வரைபடத்தைப் பாருங்கள். அது நிலத்தின் உயரத்தை மட்டுமே காட்டும், மரங்களைக் காட்டாது. எனவே வழியில் எந்த மேடு மிக உயரமாக இருக்கிறதோ, அங்கே ஒருநாள் வண்டியில் போய் மரங்களின் உயரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கி, சுருட்டு வடிவத்தில் போகிறது. இதற்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர். 14 கிலோமீட்டர் தூரத்தில், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நட்டநடுவில் அந்தச் சுருட்டின் ஆரம் ஏறக்குறைய 13.5 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 8 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு நடுவில் இன்னும் 3 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, பாதி வழியில் ஒரு தோப்பு இருந்தால், அதன் உச்சிக்கு மேலே 11 மீட்டர் விட்டுத்தான் உங்கள் கோடு போக வேண்டும். மரம் வளரும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே நான் போட்டுக்கொடுத்த இணைப்பு இரண்டு ஆண்டு குறையில்லாமல் ஓடியது. மூன்றாம் ஆண்டு தடுமாறத் தொடங்கியது. ரேடியோவை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் கம்பத்தின் மேல் ஏறிப் பார்த்தபோது, எதிர்க்கரையில் நட்டிருந்த தைலக்கன்றுகள் வளர்ந்து எங்கள் கோட்டுக்குள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கம்பத்தில் ஆறு மீட்டர் கூட்டியதும் பழைய வேகம் திரும்பிவிட்டது. அதனால்தான் யார் கேட்டாலும் முதல் பணத்தைக் கம்பத்தில் போடுங்கள் என்கிறேன்.

அடுத்த பணம் டிஷ்ஷுக்கு. 14 கிலோமீட்டர் வெற்று வெளியைக் கடப்பதற்குள் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 131 டெசிபல் இழக்கிறது. ரேடியோ 22 டெசிபல் பவரில் அனுப்புகிறது, இரு பக்கமும் 25 டெசிபல் டிஷ் என்று வைத்துக்கொள்வோம். 22, 25, 25 மூன்றையும் கூட்டி 131 கழித்தால் மைனஸ் 59. மறுமுனைக்கு வந்துசேரும் சிக்னலின் பலம் இது, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. நல்ல வேகத்துக்கு இது தாராளம். அதே ரேடியோவை 19 டெசிபல் சிறு ஆன்டெனாவோடு வாங்கினால் மைனஸ் 71 ஆகிவிடும். இணைப்பு கிடைக்கும், ஆனால் சற்று இரைச்சல் கூடினாலும் வேகம் படுத்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் 12 டெசிபல். பவரை 16 மடங்கு ஏற்றுவதற்கு அது சமம். சட்ட வரம்புக்காகப் பெரிய டிஷ்ஷில் அனுப்பும் பவரைக் கொஞ்சம் குறைக்க நேர்ந்தாலும், மறுமுனையைக் கேட்கும் காது பெரிதாகவே இருக்கும். போதாததற்கு, பெரிய டிஷ்ஷின் பார்வை குறுகலானது. பக்கவாட்டிலிருந்து வரும் அடுத்தவர் இரைச்சல் அதன் காதில் அவ்வளவாக விழாது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள், டிஷ்ஷைத் திருப்பி நிறுத்தும் நாளில் அதுதான் கைகொடுக்கும். ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் நடு ஒளியைத் தவிர, பக்கத்தில் மங்கலான சிறு ஒளிகளும் உண்டு. மேலே நிற்பவர் மெல்லத் திருப்பும்போது எண் ஏறும், பிறகு இறங்கும்; உச்சம் கிடைத்துவிட்டது என்று நட்டை முடுக்கிவிடுவார். கணக்கு மைனஸ் 59 என்று சொல்ல, திரை மைனஸ் 76 காட்டினால், பக்க ஒளியில்தான் நிற்கிறீர்கள். நட்டைத் தளர்த்தி, இடமும் வலமும் மேலும் கீழும் இன்னும் அகலமாகத் தேடுங்கள்.

இனி ரேடியோ. 867 மெகாபிட் என்பது 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் காற்றில் ஓடும் எண். நெடுந்தூரத்தில் அவ்வளவு அகலம் இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும். 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸில் வைப்பதுதான் புத்திசாலித்தனம். கைக்கு வருவது காற்று வேகத்தில் பாதி என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கேபிள் செருகும் பின்பக்க ஈதர்நெட் போர்ட்டின் வேகத்தையும் கேளுங்கள்: விலை குறைந்த சில மாடல்களில் அது 100 மெகாபிட்தான், அதைத் தாண்டி ஒரு சொட்டும் வெளியே வராது. லாட்வியாவின் மைக்ரோடிக், அமெரிக்காவின் யுபிகுவிட்டி இரண்டும் இங்கே எளிதாகக் கிடைக்கின்றன. தொலைதூரத்துக்கென்று ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள்: மைக்ரோடிக்குக்கு என்வி2, யுபிகுவிட்டிக்கு ஏர்மேக்ஸ். சாதாரண வைஃபையைப் போல முண்டியடித்துப் பேசாமல், முறை வைத்துப் பேசவைக்கும் ஏற்பாடுகள் இவை. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது, ஆகவே இரு முனைக்கும் ஒரே நிறுவனத்தின் ரேடியோவை வாங்குங்கள். முடிந்தால் மூன்றாவதாக ஒன்றையும் வாங்கி அலமாரியில் வையுங்கள். கோடை இடி யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். வெயிலைத் தாங்கும் வெளிப்புறக் கேபிள், உலோக உறை போட்டது, முழுச் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளும் அதே பெயரில் விற்கிறது. கடையிலேயே ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். முழுச் செம்பு எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும். முலாம் பூசியது வெள்ளையாகப் பல்லிளிக்கும். இதே கேபிளில்தான் ரேடியோவுக்கு மின்சாரமும் ஏறுகிறது. அலுமினியத்தில் வழியிலேயே வோல்டேஜ் தேய்ந்து, மேலே ரேடியோ அணைந்து அணைந்து எரியும். சில ரேடியோக்கள் 24 வோல்ட், சில 48 வோல்ட். ஒன்றின் அடாப்டரை மற்றதில் செருகினால் ரேடியோ கருகிவிடலாம். இடி தாங்கியைக் கம்பத்தடியிலும் வீட்டுக்குள் கேபிள் நுழையும் இடத்திலும் வைத்து, இரண்டையும் நல்ல எர்த்தோடு கட்டுங்கள். கடற்காற்று ஸ்டேங்கர் வரை உப்பைக் கொண்டுவருவதால், அந்தப் பக்கத்து நட்டும் பட்டையும் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும். மின்வெட்டைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ரேடியோ 8 வாட்தான் குடிக்கிறது; 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிவரை மட்டும் பயன்படுத்தினாலும் நான்கு மணி நேரம் தாங்கும்.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். சொந்த நிறுவனத்தின் உள் வேலைகளுக்காக நடத்தும் தனியார் வலையமைப்புக்கு 2005 ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டம் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு இணையம் கொடுக்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். முதல் ரேண்ட்டை வாங்குவதற்கு முன்னால், தென்னாப்பிரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசாவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்துக்கும் தமிழ் வகுப்புக் கட்டடத்துக்கும் இடையே 400 மீட்டர். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மிக வேகமானது என்கிறார்களே, நல்லதா?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: உங்களுக்கு நல்லது. 60 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 டெசிபல் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் மேலே கேட்டிருக்கும் குவாடுகுசா வாசகருக்கு நான் அதன் பெயரையே எடுக்கவில்லை. 400 மீட்டரில் அந்த இழப்பு வெறும் 6 டெசிபல். பக்கத்து வீடுகளின் வைஃபையும் குறுக்கே வராது. பெருமழையில் சற்று நேரம் அறுந்துபோகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் துணை ரேடியோவும் உள்ளே இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், மழையில் தானாக அதற்கு மாறிக்கொள்ளும். இடையில் ஒரு மரக்கிளைகூட இருக்கக் கூடாது.

கேள்வி: இணையக் கடை ஒன்றில் ரேடியோ ஜோடி வாங்கினேன். வந்து மூன்று நாள் ஆகிறது. இகாசா முத்திரை இல்லை. கேட்டதற்கு, ரேடியோவின் அமைப்புகளில் நாட்டுப் பெயரை மாற்றிவைத்தால் பவர் கூடும் என்று பதில் வந்தது. திருப்பிக் கொடுக்கலாமா?
(வாசகர், லெனேசியா)

பதில்: இன்றே திருப்பிக் கொடுங்கள். 2002 ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு, இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் பெற்ற 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தர உங்களுக்கு உரிமை தருகிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. மூன்று நாள் போய்விட்டது, ஆகவே மின்னஞ்சலில் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரிமை தனிமனிதருக்கானது. கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால் இதைக் கோர முடியாது.

அந்த விற்பனையாளரின் யோசனை எனக்கு வருத்தம் தருகிறது. இகாசாவின் வகை ஒப்புதல் இல்லாத ரேடியோவை இங்கே விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. நாட்டை மாற்றிவைத்து வரம்பை மீறினால், அதே அலைவரிசையை நம்பியிருக்கும் பள்ளியின், மருத்துவரின் இணைப்பு உங்களால் அறுபடும். அடுத்த முறை உள்நாட்டு விநியோகஸ்தர் வழியாக வந்த பொருள்தானா என்று கேட்டு வாங்குங்கள். வர்த்தகச் சின்ன உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்த பொருளானால், அதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்கிறது 2008 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதே சட்டத்தின் 56 ஆம் பிரிவின்படி, 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல.