கேளுங்கள், சொல்கிறேன்: வயலில் கவிழ்த்த பெட்டி

போன இதழில் நெல் வயலிலிருந்து வரும், பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை பூச்சி, நோய்க் கேள்விகளை ஒத்திவைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐயா, காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் குறையும், அதற்குப் பணம் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாய் பதித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வயலில் எந்தக் கருவியும் வைக்கவில்லை. அளக்காமல் எப்படிக் கணக்கு?
*– மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி*

சில திட்டங்களில் மாதிரிக்குச் சில வயல்களில் அளப்பது உண்டு. உங்கள் வயலில் பெரும்பாலும் கணக்குதான்: தண்ணீர் எப்படி நின்றது என்று பார்த்து, பட்டியலில் உள்ள எண்ணால் பெருக்குவார்கள். அந்தப் பெருக்கலை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு (ஐபிசிசி) 2019இல் திருத்திய வழிகாட்டியில், எப்போதும் தண்ணீர் நிற்கும் தெற்காசிய வயலுக்கு ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று இருக்கிறது. நடவிலிருந்து அறுப்பு வரை 110 நாள் என்று வையுங்கள். ஏக்கருக்குச் சுமார் 38 கிலோ வரும். பல தடவை காயவிட்ட வயல் என்றால் அதை 0.55ஆல் பெருக்க வேண்டும், 21 கிலோ. மிச்சம் 17 கிலோ. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆக ஏக்கருக்கு 460 கிலோ, அரை டன்கூட இல்லை. தொகை பேசும்போது இந்த எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

எனக்கு உறுத்துவது அந்தப் போட்டோவின் தேதி. குறுவையில் காயவிடலாம், சரி. சம்பாவில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில், வடிகாலே நிரம்பி நிற்கும்போது டெல்டாவில் யார் வயலைக் காயவைக்க முடியும்? அந்த மாதத்துக் காய்ச்சலையும் கணக்கில் எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்.

உண்மையில் அளப்பது எப்படி ஐயா? வாயுவைப் பிடித்து எடை போடுவார்களா?
*– வேளாண் கல்லூரி மாணவி, திருச்சி*

ஓய்வு பெறும் வரை பதினொரு பருவம் நான் செய்த வேலை இதுதான் அம்மா. கண்ணாடி மாதிரி இருக்கும் அக்ரிலிக் பெட்டி, அடிப்பக்கம் கிடையாது, ஒரு மீட்டர் உயரம். ஐந்தாறு குத்து நெல்லை உள்ளே விட்டுக் கவிழ்ப்போம். சேற்றில் முன்பே பதித்த சட்டத்தின் தண்ணீர்ப் பள்ளத்தில் அது உட்காரும். காற்று வெளியே போகாது. உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி, ஒரு தெர்மாமீட்டர். மூடியதும் ஊசிக்குழலில் ஒரு மாதிரி, 15 நிமிடத்தில் ஒன்று, 30இல் ஒன்று. பிறகு லேபில் கேஸ் குரோமட்டோகிராஃபில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) செலுத்தினால், ஹைட்ரஜன் சுடரில் மீத்தேன் எரியும்போது வரும் மின் சைகையை வைத்து அளவு தெரியும். அரை மணியில் எவ்வளவு ஏறியது என்பதுதான் விடை.

கேட்க எளிது. வெளிக்காற்றில் மீத்தேன் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குகூட இல்லை. முதல் மாதிரியிலேயே அது இருபது, முப்பது என்று காட்டினால் நெல்லின் மீது குற்றமில்லை. யாரோ பெட்டிக்குப் பக்கத்தில் சேற்றை மிதித்திருக்கிறார்கள். மிதித்தால் குமிழ் குமிழாக வாயு கிளம்பும். அதனால் வரப்பிலிருந்து பெட்டி வரை பலகைப் பாலம் போட்டுத்தான் நடப்போம். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது பலகையில் குந்தி உட்காருவதை, ஊசிக்குழல் அப்புறம்தான். ஒரு தை மாதம் மாதிரிக் குப்பிகளைப் பொங்கல் விடுமுறைக்கு அப்படியே விட்டுப் போனோம். ரப்பர் மூடி கசிந்து, இரண்டு வார உழைப்பு வெளிக்காற்றோடு கலந்துவிட்டது.

இன்னொன்று: வயல் மீத்தேனில் பெரும்பகுதி குமிழாக வருவதில்லை. நெல் தன் வேருக்குக் காற்று அனுப்பத் தண்டுக்குள் வைத்திருக்கும் குழல் வழியாகவே மேலே வருகிறது. பெட்டிக்குள் பயிரும் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். அப்புறம், சேறு நாறுவதற்கும் மீத்தேனுக்கும் சம்பந்தமில்லை. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது.

இந்திய நெல் வயல்களைப் பற்றி வெளிநாட்டார் ஒரு காலத்தில் பொய்க்கணக்குச் சொன்னார்களாமே?
*– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

பொய் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வீட்டுச் சட்டையை நமக்கு மாட்டினார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் நம் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக இருந்தது. ஐரோப்பா, அமெரிக்கா வயல்களில் அளந்ததை நம் பரப்பளவால் பெருக்கிய எண் அது. 1991இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் நாட்டின் பல இடங்களில் பெட்டி கவிழ்த்து அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒன்று! மானாவாரி நெல், மேட்டு நெல், இடையில் காய்ந்துபோகும் வயல், கரிமச்சத்து குறைந்த மண் என்று நம்மிடம் எத்தனை வகை. அங்கே அளந்த வயல் அப்படியல்ல. அந்த எண்ணை அப்படியே விட்டிருந்தால் உலகப் பேச்சுவார்த்தைகளில் நம் பேச்சு எடுபட்டிருக்காது.

மாடு மீத்தேன் விடுவது பின்பக்கமாகத்தானே?
*– ஈரோடு வாசகர்*

இல்லை, வாய் வழியாக, ஏப்பத்தில். அளப்பவர்கள் மூக்குக்குப் பக்கத்தில்தான் குழாய் கட்டுகிறார்கள்.

காயவிட்டால் மீத்தேன் குறையும், ஆனால் யூரியாவிலிருந்து வேறு வாயு கிளம்பும் என்கிறார்களே?
*– கும்பகோணம் வாசகர்*

உண்மைதான். நைட்ரஸ் ஆக்ஸைடு. மண் காயும்போது யூரியாவின் தழைச்சத்து நைட்ரேட்டாகிறது. திரும்பத் தண்ணீர் நின்றதும் அதில் ஒரு பங்கு இந்த வாயுவாகப் போகிறது. கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைப்போல 273 மடங்கு. கரும்புக்கோ மக்காச்சோளத்துக்கோ 45 கிலோ மூட்டை ஒன்று போட்டால், தழைச்சத்தில் 1 சதவீதம் என்ற வழக்கமான கணக்கில் 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். காயவிடும் நெல் வயலுக்கு ஐபிசிசி பட்டியல் அதில் பாதிதான் வைத்திருக்கிறது. ஆகவே காய்ச்சல் பாய்ச்சலில் லாபம் லாபம்தான். ஆனால் மீத்தேனை மட்டும் அளந்துவிட்டு ‘பாதி குறைந்தது’ என்று வருகிற அறிக்கையில் இந்த வாயுவின் கணக்கு எங்கே என்று நான் தேடுவேன்.

குழாயை எங்கே பதிப்பது?
*– முதல் கேள்வி கேட்டவரே*

வரப்போரம் வேண்டாம், நண்டு வளை ஏமாற்றிவிடும். வயலின் சராசரி மட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். 30 செ.மீ. குழாயில் துளையிட்ட 20 செ.மீ. மண்ணுக்குள் போகட்டும், உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அள்ளி எறியுங்கள். தண்ணீர் தரையிலிருந்து 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில், முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மட்டும் யார் என்ன சொன்னாலும் காயவிடாதீர்கள்.