தாமிரபரணியில் அமலைச்செடியும் (ஆகாயத்தாமரை) பாசியும் மண்டி மீன்பாடு குறைந்துவிட்டது. மருந்து அடித்து அழிக்கலாமா?

தயவுசெய்து மருந்து வேண்டாம். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரன், சொந்தக்காரர்கள் சிலர் ஆற்றில் வலை போடுகிறவர்கள். அதனால் இது எனக்கு வெறும் சுற்றுச்சூழல் விஷயம் இல்லை.

மருந்து பட்ட செடி மாயமாகப் போவதில்லை. மூழ்கி அடியில் அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மிச்சமிருக்கும் மீனும் செத்து மிதக்கும். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் குடிப்பதும் இதே தண்ணீரைத்தான்.

பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. "விரால் கிடைக்குதே, ஆறு நல்லாத்தானே இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும் மீன்கள். அவை மட்டும் வலையில் விழுகின்றன என்றால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்றே சந்தேகப்பட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அமலையை அடித்துக்கொண்டு போய்ப் புன்னைக்காயல் கடலில் தள்ளும். உப்புத் தண்ணீரில் அது செத்துவிடும். ஆறு சுத்தமாகிவிட்டது என்று எல்லோரும் நினைப்போம். ஆனால் அணைக்கட்டுத் தேக்கத்திலும் கரையோரக் கிடங்குகளிலும் (பள்ளங்களிலும்) நாலு செடி தங்கினால் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். சேற்றில் கிடக்கும் விதை பல வருடம் கழித்தும் முளைக்கும். ஆகவே கோடையில், தண்ணீர் குறைந்திருக்கும்போது, பூ விடும் முன் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் அடுத்த வெள்ளம் திருப்பி ஆற்றில் போட்டுவிடும். வெளியே கொண்டுபோய் உலர்த்துங்கள்.

செடியைத் தின்னும் கூன்வண்டு பற்றியும் கேட்பார்கள். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் அது உதவியது உண்மை. ஆனால் வருடா வருடம் வெள்ளம் வண்டையும் சேர்த்து அடித்துப்போகும் ஆற்றில் அதை மட்டும் நம்ப முடியாது.

இதெல்லாம் செய்தாலும் ஊர்ச் சாக்கடையும் வயலிலிருந்து வடியும் உரமும் ஆற்றில் விழும்வரை அமலைக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மே 1 கிராம சபையில் செடி எடுப்பதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உங்கள் ஊர்ச் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது, அதைச் சுத்திகரிக்க என்ன ஏற்பாடு என்று எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். வலை போடுகிறவர்களையும் கூட்டிப் போங்கள். எந்தக் கிடங்கில் முதலில் அமலை பிடிக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.